டம்ளருக்குப் பக்கத்தில் ஒரு சருகு

சருகக்கா என்ற பெயரை அவளுக்கு வைத்தது கீழ்வீட்டுத் தையல்காரி. ஆசையாக வைத்த பெயர் இல்லை. கட்டடத்தின் கேட்டை ஒட்டி நின்ற மரம் வருஷம் முழுக்க இலை கொட்டும். கடை திறக்குமுன் அதைக் கூட்டித் தள்ளுவதுதான் தையல்காரிக்குக் காலையில் முதல் வேலை. மூன்றாவது மாடிக்காரியோ எங்கெங்கோ கிடந்த காய்ந்த இலையையும் குச்சியையும் பையில் போட்டுக்கொண்டு படியேறிப் போவாள். ஒருநாள் தையல்காரி விளக்குமாற்றைத் தரையில் ஊன்றிக்கொண்டு கேட்டே விட்டாள்.

"ஏங்கக்கா, உங்க சொந்தக்காரங்க எல்லாம் இங்கயும் விழுந்து கிடக்காங்களே, இவங்களையும் மேல கூட்டிட்டுப் போகக் கூடாதா?"

"இதுங்க தினம் பார்க்கிற மூஞ்சி. விருந்தாளிக்கு வைக்க முடியுமா?"

"விருந்து வைக்கிறது சருகை! நல்ல வீடுதான் போங்க, சருகக்கா."

அன்றைக்கு ஒட்டிக்கொண்ட பெயர் அப்புறம் உதிரவேயில்லை. பால்காரர் முதல் மின்சார ரீடிங் எடுக்க வருகிறவர் வரை அப்படித்தான் கூப்பிட்டார்கள். அவளும் திரும்பிப் பார்க்கப் பழகிவிட்டாள்.

இருபத்தொன்பது வருஷம் குடியிருந்த அந்த வீட்டைக் காலி செய்ய இப்போது ஒன்பது நாள்தான் இருந்தது. கணவருக்கு முழங்கால் தேய்ந்துவிட்டது. மூன்று மாடி ஏறி வந்ததும் கதவைப் பிடித்துக்கொண்டு ஐந்து நிமிஷம் நிற்பார். மகள் வீட்டுப் பின்பக்கத்தில், தரையோடு இரண்டு அறை காலியாக இருந்தது. அங்கே போவதென்று முடிவாயிற்று. கிளம்புவதற்கு முந்தின நாள், ஞாயிற்றுக்கிழமை மதியம், இந்த வீட்டில் கடைசியாக ஒரு சாப்பாடு. கூப்பிட்டது இரண்டே பேரை. ஒருவன் அவள் தம்பி. இன்னொருத்தி தம்பி மனைவி.

தம்பி எப்போதும் வருகிறவன்தான். தம்பி மனைவி அந்தப் படியில் கால் வைத்துப் பதினோரு வருஷம் ஆகிறது. அவள் வராமலே இந்த வீட்டைப் பூட்டிச் சாவியைக் கொடுக்க வேண்டியிருக்குமோ என்பதுதான் சருகக்காவை அரித்துக்கொண்டிருந்தது. புது வீட்டுக்கு அவள் நாளைக்கே வந்தாலும் வரலாம். ஆனால் தப்பு நடந்தது இந்த மேசையில்.

சருகக்காவுக்கு வேலை ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையின் பின்னறையில். முன்னால் விளக்கும் கண்ணாடி அலமாரியும் வாய் நிறையச் சிரிக்கும் விற்பனைப் பெண்ணும். பின்னால் ஒரு ஜன்னல், ஒரு தேய்ப்புச் சக்கரம், அதன்மேல் சொட்டுச் சொட்டாக விழும் தண்ணீர். வட்டமாக வரும் லென்ஸை ஃபிரேமுக்குத் தக்கபடி தேய்த்து உட்கார வைக்க வேண்டும். தேய்ப்பதற்கு முன் லென்ஸில் ஒரு புள்ளி வைப்பாள். போட்டுக்கொள்கிறவரின் கருமணிக்கு நேர் எதிரே அந்தப் புள்ளி வந்து நிற்க வேண்டும். அவளை உட்கார வைத்து யாரும் சொல்லித் தரவில்லை. உடைந்து ஒதுக்கிய லென்ஸ்களை வைத்துக்கொண்டு, விரலை இரண்டு தடவை சீவிக்கொண்டு, தானாகவே கற்றது. பவர் எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது, ஆனால் போட்டால் தலை வலிக்கிறது என்று யாராவது திரும்பி வந்தால் மற்றவர்கள் சீட்டைப் புரட்டுவார்கள். அவள் கண்ணாடியை வாங்கி ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடிப்பாள். புள்ளி ஒரு நூல் தள்ளியிருக்கும்.

கணவர் பஸ் ஓட்டினார். தெருவில் அவரை டிரைவர் என்றே சொல்வார்கள். ஓய்வு பெற்ற பிறகும் அவர் டிரைவர்தான். கல்யாணமான புதிதில் இந்த வீட்டுக்கு வந்தபோது அவர்களிடம் இருந்தது ஒரு பாய், நாலு தட்டு, முன்னால் குடியிருந்தவர்கள் தூக்க முடியாமல் விட்டுப்போன மேசை. மேசை நல்ல கனமான மேசை. ஆனால் அவர்கள் எப்போதோ சூடான இஸ்திரிப் பெட்டியை அதன்மேல் மறந்திருக்கிறார்கள். முக்கோணமாக ஒரு கருகல். தேய்த்தும் போகவில்லை, கழுவியும் போகவில்லை. முதல் விருந்தாளியாக டிரைவரின் கண்டக்டர் வருகிறார் என்றதும் சருகக்காவுக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. எப்படித் திருப்பிப் போட்டாலும் கருகல் ஒருவரின் டம்ளருக்குப் பக்கத்தில் வந்து பல்லைக் காட்டியது.

அன்று டிரைவரின் சட்டைப் பையில் ஓர் இலை இருந்தது. ஏரிக்கரைக் கடைசி ஸ்டாப்பில் பஸ் பன்னிரண்டு நிமிஷம் நிற்கும். இடுப்பு பிடித்துக்கொள்ளும் என்று அவர் இறங்கி நடப்பார். நடந்தபோது காலடியில் கிடந்தது. ஒரு பாதி சிவப்பு, ஒரு பாதி இன்னும் பச்சை, யாரோ நடுநரம்பை அளவுகோலாக வைத்து வண்ணம் தீட்டினாற்போல. அவளிடம் காட்ட எடுத்து வந்திருந்தார். அவள் அதை வாங்கித் துடைத்து, கருகலின்மேல் வைத்தாள். அவ்வளவுதான். மறைக்க வைத்தது.

கண்டக்டர் உட்கார்ந்தார். இலையைப் பார்த்தார். அவர் முகம் மாறிப்போயிற்று.

"இது எனக்காம்மா வச்சிருக்கே?"

அவள் என்ன சொல்வாள்? "ஆமாண்ணா" என்றாள்.

உடனே பக்கத்தில் இருந்த அவர் மனைவி, "அப்ப எனக்கு?" என்று கேட்டாள்.

அடுத்த தடவையிலிருந்து எல்லாருக்கும் வைக்க வேண்டியதாயிற்று. அதுவே அந்த வீட்டு வழக்கமாகிவிட்டது. ஆளுக்கு ஒன்று, தண்ணீர் டம்ளருக்கு வலப்பக்கம். ஓர் இலையோ, விதையோ, கூழாங்கல்லோ, காலி நத்தைக் கூடோ. பறிக்கக் கூடாது, வாங்கக் கூடாது, விழுந்து கிடந்ததாக இருக்க வேண்டும். இந்தச் சட்டம் டிரைவர் போட்டது. "பறிச்சா மரத்துக்குப் பதில் சொல்லணும். பொறுக்கினா கார்ப்பரேஷனுக்கு உதவி" என்பார். விருந்தாளி தன் முன்னால் இருப்பதைப் பார்த்து, அது எந்த ஸ்டாப்பில் கிடைத்தது என்று சொல்ல வேண்டும். தீர்ப்பு டிரைவருடையது. சரியாகச் சொன்னவருக்கு மீனில் நடுத்துண்டு.

அவள் இதை விளையாட்டாகச் செய்யவில்லை. லென்ஸ் துடைக்கும் மெல்லிய துணியால் இலையைத் துடைப்பாள், நரம்பு போகும் திசையில் மட்டும். சுருண்டதை ஈரத்துணிக்குள் ஒரு பொழுது வைத்து, பிறகு பழைய தினசரித் தாளுக்குள் போட்டுத் டிரங்குப் பெட்டியைப் பாரமாக ஏற்றுவாள். ஆற்றுக் கற்கள் காய்ந்தால் சாம்பல் பூத்துக் கிடக்கும். ஆகவே ஒரு அகலமான கிண்ணத்தில் அடுக்கி, விருந்தாளியின் செருப்புச் சத்தம் படியில் கேட்ட பிறகுதான் தண்ணீர் ஊற்றுவாள். அவர்கள் உள்ளே நுழைகிற நேரத்துக்குக் கற்கள் எல்லாம் விழித்துக்கொள்ளும். யாருக்கு எது என்பதற்கு மூன்று நாள் யோசனை நடக்கும். கோபக்காரருக்கு முள் இருக்கிற காய் ஆகாது. கண் மங்கியவருக்கு, தடவினால் தெரிகிற சொரசொரப்பு வேண்டும்.

ஜன்னல் திரையைத் தாங்குவது கடற்கரை ஸ்டாப்பில் அலை ஒதுக்கிய ஒரு நீளக் கிளை. அதைப் பஸ்ஸில் ஏற்றி வந்த கதையை டிரைவர் நூறு தடவை சொல்லியிருப்பார். ஜனங்கள் கத்தினார்களாம். கண்டக்டர், "ஏன் சத்தம் போடுறீங்க, அதுக்கும் அரை டிக்கெட் கிழிச்சாச்சு, உக்கார உரிமை இருக்கு" என்றாராம். டெப்போவிலிருந்து மேலதிகாரி ஒருவர் சாப்பிட வந்த கதை இன்னும் மோசம். அவருக்கு வைத்தது பளபளவென்று ஒரு பழுப்பு விதை. மனிதர் கொறிக்கத்தான் வைத்திருக்கிறார்கள் என்று நினைத்து வாயில் போட்டுக் கடித்துவிட்டார். பல் தப்பியது. "கொஞ்சம் வெந்திருக்கலாம்" என்றார் பாவம், மரியாதைக்கு.

விருந்து முடிந்ததும் அவரவர் முன்னால் இருந்தது ஒரு உறைக்குள் போகும். லென்ஸ் வருகிற சின்னக் காகித உறை. கடையில் குப்பைக்குப் போவதை அவள் எடுத்து வருவாள். மேலே யார், என்ன தேதி என்று எழுதி அட்டைப் பெட்டியில் அடுக்கிவிடுவாள். ஒரு சொல் கூடவும் எழுதமாட்டாள், குறையவும் எழுதமாட்டாள். இருபத்தொன்பது வருஷத்தில் பதினான்கு பெட்டி.

"அந்தக் குப்பையை எல்லாம் இங்க எடுத்துட்டு வரப் போறீங்களாம்மா?" என்று மகள் போனில் கேட்டாள்.

"நீ ஏழு வயசுல பல்லு விழுந்தப்ப உன் தட்டுக்குப் பக்கத்துல வச்ச சிப்பியும் இதுலதான் இருக்கு. அதையும் போட்டுடட்டுமா?"

"சரி, கொண்டு வாங்க. ஆனா கட்டிலுக்குக் கீழ" என்றாள் மகள்.

பெட்டிகளைக் கயிறு போட்டுக் கட்டுமுன் ஒருமுறை பார்க்கலாம் என்று உட்கார்ந்தவள், மூன்று நாள் எழுந்திருக்கவில்லை. 'கண்டக்டர்' என்ற உறையில் அந்த முதல் இலை இருந்தது. சிவப்பும் பச்சையும் போய் இரண்டு பாதியும் ஒரே பழுப்பு. ஆனால் பார்த்ததும் அவர் சிரிப்பும், அன்று அடுப்பில் தீய்ந்த பால் வாசனையும், ஒரே நல்ல புடவையின் முந்தானையில் ஈரக்கையைத் துடைக்கத் தோன்றித் துடைக்காமல் நின்றதும் அப்படியே வந்தன. கண்டக்டர் போய்ச் சேர்ந்து ஆறு வருஷம். ஒவ்வொரு உறையாகப் பிரிக்க, ஒவ்வொருவராக வந்து உட்கார்ந்தார்கள். இவ்வளவு பேர் சாப்பிட்ட வீடா இது என்று அவளுக்கே மலைப்பாக இருந்தது.

ஒன்பதாவது பெட்டியில் ஓர் உறை தட்டையாகக் கிடந்தது. மேலே 'தம்பி மனைவி'. பதினோரு வருஷத்துக்கு முந்தின தேதி. உள்ளே ஒன்றும் இல்லை.

இல்லாததைப் பிரித்துப் பார்க்கத் தேவையில்லை. அவளுக்கு எல்லாம் ஞாபகம் இருந்தது.

அந்த வருஷம் டிரைவரை மலையடிவாரத்துக்குப் போகும் தடத்தில் போட்டிருந்தார்கள். அங்கிருந்து ஒருநாள் ஒரு காய்க்கூடு கொண்டுவந்தார். இரண்டாகப் பிளந்து, படகு போலக் குழிந்து, வெளியே மரப்பட்டை மாதிரி முரடு. உள்ளே திருப்பினால் வழவழவென்று வெள்ளி மினுமினுப்பு. விதை எல்லாம் எப்போதோ கொட்டிப்போயிருந்தது. அதைவிட அழகான ஒன்று அதுவரை அந்த வீட்டுக்கு வந்ததில்லை. யாருக்கு வைப்பது என்று அவள் யோசிக்கவே இல்லை. தம்பி மனைவிக்குத்தான். வந்து இரண்டு வருஷமே ஆன பெண், ஆனால் ஒவ்வொரு தடவையும் அவள்தான் முன்னால் இருப்பதைக் கையில் எடுத்து, திருப்பி, முகர்ந்து, வெளிச்சத்தில் பார்ப்பாள். அப்படிப் பார்க்கத் தெரிந்தவளுக்கு இல்லாமல் வேறு யாருக்கு?

அன்றைக்கு வந்தவள் இளைத்துப்போயிருந்தாள். வேலை அதிகம் போல என்று சருகக்கா நினைத்துக்கொண்டாள். தம்பி மனைவி தன் இடத்தில் உட்கார்ந்து, திறந்து வைத்த கூட்டையே பார்த்தாள். கையில் எடுக்கவில்லை.

"இது ஏன் அண்ணி எனக்கு?"

"உனக்குன்னே எடுத்து வச்சேன். உள்ள பாரேன், ஒண்ணுமே இல்லாம எவ்வளவு சுத்தமா இருக்கு!"

தம்பி, "அக்கா" என்றான். தம்பி மனைவி சோற்றைப் பிசைந்தாள். நாலு வாய் சாப்பிட்டாள். தலைவலி என்று எழுந்து கை கழுவிக்கொண்டு படியிறங்கிப் போய்விட்டாள். எந்த ஸ்டாப் என்று அன்றைக்கு யாரும் கேட்கவில்லை.

ஒரு மாதம் கழித்துத்தான் தம்பி சொன்னான், மாடிப்படி வளைவில் நின்றுகொண்டு, சுவரைப் பார்த்தபடி. அந்த விருந்துக்கு ஆறு நாள் முன்னால்தான் தம்பி மனைவிக்கு ஆஸ்பத்திரியில் மூன்று மாதக் கரு கலைந்திருந்தது. உண்டாகியிருந்ததையே அவர்கள் இன்னும் யாரிடமும் சொல்லியிருக்கவில்லை. அதற்குப் பிறகு வந்த வருஷங்களிலும் கரு தங்கவில்லை.

சருகக்கா மேலே போய், உறையிலிருந்து அந்தக் கூட்டை எடுத்து ஜன்னல் வழியே வீசினாள். அந்த வீட்டிலிருந்து அவள் தூக்கி எறிந்த ஒரே பொருள் அதுதான். நேரே தம்பி வீட்டுக்குப் போயிருக்கலாம். காலில் செருப்பை மாட்டினாள், கழற்றினாள். என்ன முகத்தை வைத்துக்கொண்டு போய் நிற்பது? பேச வராத கூச்சத்துக்கு அவளுக்குத் தெரிந்த வழி ஒன்றுதான். அடுத்த மாதம் தம்பி வந்தபோது மழையில் கழுவிய ஒரு வெள்ளைக் கல்லை உறையில் போட்டு, தம்பி மனைவி என்றும் தேதியும் எழுதிக் கொடுத்தனுப்பினாள். அதற்கடுத்த மாதம் ஓர் இலை. இப்படியே பதினோரு வருஷம். போன உறைக்கெல்லாம் ஒரு பதிலும் வரவில்லை.

"அவளுக்கு இந்தத் தடவை என்னங்க வைக்கிறது?" என்று டிரைவரிடம் கேட்டாள். தரையெல்லாம் உறையாகப் பரப்பிக்கிடந்தது.

"நல்லதா ஒண்ணு வையி."

"எதை எடுத்தாலும் தப்பாத் தெரியுது. விதை வச்சாத் தப்பு. பூ வச்சா, எதுக்குன்னு கேப்பா. பேசாம அவ இடத்தை மட்டும் சும்மா விட்டுடட்டுமா?"

சொல்லி முடிப்பதற்குள் அவளுக்கே சுருக்கென்றது. எல்லார் முன்னாலும் ஒன்று இருக்க, அவள் முன்னால் மட்டும் ஒன்றுமில்லை என்றால்? அன்றைக்குத் தெரியாமல் சொன்னதை இன்றைக்குத் தெரிந்தே சொன்னமாதிரி ஆகிவிடும்.

டிரைவர் முழங்காலில் தைலத்தைத் தேய்த்துக்கொண்டே சொன்னார்: "இத்தனை வருஷமா எல்லார் தட்டுக்குப் பக்கத்துலயும் ஏதாவது ஒண்ணு வச்சே. யார் பக்கத்துலயாவது நீ உக்காந்து பார்த்திருக்கேனா நான்? நீ அடுக்களைக்கும் மேசைக்கும் ஷட்டில் சர்வீஸ்."

"பரிமாற வேணாமா?"

"நான் ஒண்ணும் சொல்லலம்மா. ரூட்டைச் சொன்னேன்."

மறுநாள் காலை சருகக்கா கடைக்கு லீவு சொல்லிவிட்டுக் கிளம்பினாள். வாசலில் பழக்கதோஷத்தில் பையைத் திறந்தாள். எதை எடுத்துப் போவது என்று ஒரு கணம் கை தேடியது. பையை ஆணியிலேயே மாட்டிவிட்டு வெறுங்கையோடு படியிறங்கினாள்.

தம்பி மனைவிக்கு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. காலையில் அங்கே கூட்டம் நெரியும். சும்மா போய் உள்ளே நுழைய விடமாட்டார்கள் என்று சருகக்கா ஒரு டோக்கன் வாங்கிக்கொண்டாள். முக்கால் மணி நேரம் சுவரோரம் உட்கார்ந்திருந்தாள். முப்பத்திரண்டு என்று கூப்பிட்டதும் திரைக்குப் பின்னால் போய் நாற்காலியில் உட்கார்ந்து கையை நீட்டினாள். தம்பி மனைவி குனிந்த தலை நிமிராமல் ரப்பர் குழாயை இழுத்துக் கட்டி, "விரலை மடக்கிக்கோங்க" என்றாள். அந்த விரலில் பழைய சீவல் தழும்பு இரண்டு இருந்தன. அதைப் பார்த்த பிறகுதான் முகத்தைப் பார்த்தாள்.

"அண்ணி?"

"நான்தாம்மா."

"என்ன டெஸ்ட் எழுதியிருக்காங்க?"

"யாரும் எழுதல. சுகர்னு நானே சொல்லி டோக்கன் வாங்கிட்டேன்."

"காலைல ஏதாவது சாப்பிட்டீங்களா?"

"ரெண்டு ரொட்டி, ஒரு காபி."

"அப்ப இன்னிக்கு எடுக்க முடியாது. வெறும் வயித்தோட நாளைக்கு வாங்க."

"நாளைக்கு எனக்குத் தைரியம் இருக்காது. இன்னிக்கே சொல்லிட்டுப் போயிடறேன்." "அன்னிக்கு அதை உன் முன்னால வச்சது தப்பு. உனக்கு என்ன ஆச்சுன்னு எனக்குத் தெரியாது. ஆனா தெரிஞ்ச அன்னிக்கே ஓடி வந்திருக்கணும். வரல பாரு, அதுதான் பெரிய தப்பு. மன்னிச்சுக்கோன்னு கேக்கத்தான் வந்தேன். கையில ஒண்ணும் கொண்டு வரல."

திரைக்கு வெளியே யாரோ இருமினார்கள். தம்பி மனைவி கையில் இருந்த பஞ்சைப் பார்த்துக்கொண்டே பேசினாள்.

"எனக்குக் கொஞ்ச நாள்லயே புரிஞ்சுது அண்ணி, நீங்க தெரிஞ்சு வைக்கலன்னு. அதுக்கு நான் அழுது முடிச்சாச்சு. ஆனா மாசா மாசம் அவர்கிட்ட ஒரு உறை கொடுத்து விட்டீங்களே, அதைத்தான் என்னால தாங்க முடியல. ஒவ்வொண்ணையும் பிரிக்கும்போது, இதுலயாவது ஒரு வார்த்தை எழுதியிருப்பாங்களான்னு பார்ப்பேன். யாரு, என்ன தேதி, அவ்வளவுதான் இருக்கும். நான் இங்க ட்யூப்ல ஒட்டுற லேபிள் மாதிரி."

சருகக்கா மனசுக்குள் எண்ணிப் பார்த்தாள். நூற்றிருபது, நூற்றிமுப்பது உறை இருக்கும். பொருள் எல்லாம் சரியாகத்தான் இருந்திருக்கிறது. புள்ளிதான் தள்ளியிருந்திருக்கிறது, ஒவ்வொன்றிலும்.

"ஐயோ, கை பாருங்க, நீலம் பாரிச்சுப் போச்சு!" தம்பி மனைவி அவசரமாக ரப்பர் குழாயை அவிழ்த்தாள். "இறுக்குதுன்னு சொல்லக் கூடாதா?"

"சொல்ற நிலைமையிலயா இருக்கேன்?"

தம்பி மனைவிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வந்ததை உடனே அடக்கிக்கொண்டாள். அவள் விரல்கள் மட்டும் அந்த மரத்துப்போன கையைக் கொஞ்ச நேரம் தேய்த்துவிட்டன.

"ஞாயித்துக்கிழமை மத்தியானம் வாம்மா. திங்கக்கிழமை வீட்டைக் காலி பண்றோம்."

"பார்க்கிறேன் அண்ணி" என்றவள் தலையை வெளியே நீட்டி, "முப்பத்திமூணு!" என்று கூப்பிட்டாள்.

பார்க்கிறேன் என்றால் வருவாள் என்றும் இல்லை, வரமாட்டாள் என்றும் இல்லை. சனிக்கிழமை முழுக்க சருகக்கா அந்த ஒரு சொல்லைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

ஞாயிற்றுக்கிழமை வீடு முழுக்க அட்டைப் பெட்டி. கற்கள் மூட்டையில், திரைக் கிளை கயிற்றுக் கட்டுக்குள், சுவரில் வெறும் ஆணிகள். மேசை மட்டும் நடுவில் நின்றது. அவள் யாருக்கும் எதுவும் வைக்கவில்லை. துடைத்துவிட்டு மூன்று தட்டும் மூன்று டம்ளரும் வைத்தாள். ரொம்ப வருஷத்துக்குப் பிறகு அந்த முக்கோணக் கருகல் திறந்து கிடந்தது. மூடவில்லை.

ஒரு மணிக்குப் படியில் செருப்புச் சத்தம். ஒரு ஜோடியா, இரண்டா என்று காதைத் தீட்டினாள். ஒன்றுதான். தம்பி மட்டும் நுழைந்தான்.

"அவ?"

"கீழ நிக்கிறா. தையல்காரம்மா விட மாட்டேங்குது, ஏதோ பேச்சு."

அந்த ஐந்து நிமிஷத்தில் சருகக்கா அடுப்பை மூன்று தடவை அணைத்தாள். பிறகு இன்னொரு ஜோடிச் செருப்பு, நிதானமாக, ஒவ்வொரு தளத்திலும் நின்று நின்று வந்தது. தம்பி மனைவி வாசலில் நின்று காலி அறையைச் சுற்றிப் பார்த்தாள். கைப்பையை மார்போடு அணைத்திருந்தாள்.

"வாம்மா வா! உன் இடத்துல யாரும் உக்காரல, அப்படியேதான் வச்சிருக்கோம்" என்றார் டிரைவர்.

அவள் மேசையருகே வந்தாள். கருகலைத் தொட்டாள்.

"இது என்ன அண்ணி? இதுக்கு முன்னாடி நான் பார்த்ததே இல்லையே?"

"பார்க்கக் கூடாதுன்னுதான் இவ்வளவும்" என்றாள் சருகக்கா. இலை வைத்தது மறைக்கத்தான் என்றும், கண்டக்டர் கேட்டதற்கு ஆமாம் என்றது பொய் என்றும் சொன்னாள். யாரிடமும் சொல்லாத கதை. டிரைவரே வாயைப் பிளந்தார்.

"அடிப்பாவி, இருபத்தொன்பது வருஷம் என்னைக் குனிஞ்சு பொறுக்க வச்சது இந்த இஸ்திரிப் பெட்டிதானா? இதுலதான் என் முட்டி போச்சு!"

எல்லாரும் சிரித்தார்கள். தம்பி மனைவி தட்டுகளை எண்ணினாள்.

"உங்க தட்டு எங்க?"

"நான் அப்புறமா. நீங்க முதல்ல உக்காருங்க, சூடா போடறேன்."

"உக்காருங்க அண்ணி."

"சோறு ஆறிடும்மா..."

"ஆறட்டும். உக்காருங்க."

விரலை மடக்கச் சொன்ன அதே குரல். சருகக்கா கருகலுக்கு நேரே இருந்த நாற்காலியில் உட்கார்ந்தாள். தம்பி மனைவி உள்ளே போய் நாலாவது தட்டும் டம்ளரும் கொண்டுவந்து வைத்தாள். கைப்பையைத் திறந்தாள். எதையோ எடுத்து, தண்ணீர் டம்ளருக்கு வலப்பக்கம், கருகலின் மேல் வைத்தாள்.

ஓர் இலை. உள்ளங்கை அகலம், ஓரம் சுருண்டு, பழுப்பு. ஒரு மூலையில் பூச்சி அரித்த சல்லடை.

இருபத்தொன்பது வருஷத்தில் அவளுக்கு என்று யாரும் ஒன்று வைத்ததில்லை. பதினான்கு பெட்டியில் அவளுக்கென்று ஓர் உறை இல்லை. இது அந்த நிமிஷம் வரை அவளுக்கும் தோன்றியதில்லை.

"எந்த ஸ்டாப்? சொல்லுங்க பார்ப்போம்" என்றாள் தம்பி மனைவி.

சருகக்கா இலையை எடுத்தாள். வெளிச்சத்தில் பிடித்தாள். நரம்பை எண்ணினாள். கண்ணாடியைக் கழற்றி, அதையே லென்ஸாகப் பிடித்துப் பார்த்தாள்.

"ஏரிக்கரை."

"இல்ல."

"மலையடிவாரமும் இல்ல, அங்க இலை தடிமனா இருக்கும். உங்க லேப் தெருவா?"

"இல்ல."

டிரைவர் எட்டிப் பார்த்தார். பார்த்தவர் மேசையைத் தட்டித் தட்டிச் சிரிக்க ஆரம்பித்தார். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. "ஊரெல்லாம் தெரியும் இவளுக்கு!" என்றார். "போச்சு, நடுத்துண்டு போச்சு!"

"நம்ம கேட் மரம் அண்ணி" என்றாள் தம்பி மனைவி. "தையல்காரம்மா குவிச்சு வச்சிருந்ததுல தேடி எடுத்தேன். 'உங்க அண்ணிக்கு இதுங்களை எல்லாம் கண்ணுலயே தெரியாது'ன்னு சொன்னாங்க."

சருகக்கா ஜன்னல் பக்கம் திரும்பினாள். மூன்றாவது மாடி உயரத்தில் அந்த மரத்தின் தலை அசைந்துகொண்டிருந்தது. திரை இல்லாததால் இன்றைக்கு முழுசாகத் தெரிந்தது. நாளையிலிருந்து அது தினம் பார்க்கிற மூஞ்சி இல்லை.

"நீ பரிமாறு" என்றாள் தம்பி மனைவியிடம். "எனக்கு எழுந்திருக்க வரல."

சாப்பாடு மூன்று மணி வரை போயிற்று. போகும்போது தம்பி மனைவி, "புது வீட்டுல படி கிடையாதுல்ல? அப்ப அடிக்கடி வரலாம்" என்று டிரைவரிடம் சொன்னது காதில் விழுந்தது.

அவர்கள் போன பிறகு சருகக்கா இலையைத் துணியால் துடைத்தாள், நரம்பு போகும் திசையில். ஒரு புது உறையை எடுத்தாள். 'எனக்கு' என்று எழுதி, தேதி போட்டாள். பேனாவை மூடப் போனவள் மூடவில்லை. இடம் போதாமல் உறையின் பின்பக்கமும் திருப்பி எழுதினாள்.

தம்பி மனைவி வந்தாள். என்னை உட்கார வைத்து அவள் பரிமாறினாள். இலை எதென்று எனக்குத் தெரியவில்லை. சோறு குழைந்துவிட்டது, ஒருத்தரும் சொல்லவில்லை.